விருந்தும் வதிவும்: தங்கும் காலம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

விருந்து என்னும் சொல்லின் பழைய பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியர் செய்யுளியலில் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாக விருந்தினைக் கூறுமிடத்தும் புதிதாகப் புனையப்படுவது என்ற கருத்தே அமைந்துள்ளது. இப்பண்பின் பெயரே அதனை உடையவர்க்கும் ஆகி, முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்போரைக் குறிப்பதாயிற்று. இச்சொல்லின் வரலாற்றினுள்ளே ஓர் அறவியல் வினா மறைந்து கிடக்கின்றது. புதுமை காலத்தோடு தேயும் இயல்பினது. நேற்று வந்தவர் இன்று புதியவர். பல்லாண்டு கழிந்தபின் அவரைப் புதியவர் என்று சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? புதுமை நீங்கியபின் அவர் யார்? சென்றுவிட வேண்டியவரா, அன்றிச் சுற்றத்தாருள் ஒருவராகக் கொள்ளப்பட வேண்டியவரா? என்றும் விருந்தினராகவே ஒருவரை வைத்திருத்தல் அறமாகுமா? இவ்வினாவே ஈண்டு ஆராய்தற்குரியது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. திருவள்ளுவரோ விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, ஓம்புவோரின் முகம் சிறிது வேறுபடினும் விருந்தினர் உள்ளம் வாடிவிடும் என்பதை அனிச்ச மலரின் மென்மையோடு ஒப்பிட்டு உணர்த்தினார். பழமொழி தங்குதற்கு எல்லை வகுக்கின்றது. குறளோ எல்லை கருதாப் பரிவைப் போற்றுகின்றது. இவை தம்முள் முரண்பட்டன போலத் தோன்றினும் உண்மையில் முரணுவன அல்ல. வள்ளுவர் கூறுவது ஓம்புவோரின் கடமை. பழமொழி கூறுவது விருந்தினரின் அடக்கம். போ என்று சொல்லும் நிலை வாராமலே புறப்படுதல் விருந்தினர்க்கு அழகு. புறப்படும் நாளை நினைவூட்டாதிருத்தல் இல்லத்தார்க்கு அழகு. இவ்வாறு மரபான விருந்தறத்தில் கால எல்லை இருந்தது. ஆயின், அதனை இரு சாராரின் நாகரிக உணர்வே காத்து நின்றது.

தற்கால அரசு அவ்வெல்லையைக் கடவுச்சீட்டில் முத்திரையாகப் பதித்துவிட்டது. வீட்டின் விருந்து நாட்டின் விருந்தாகும்போது, நாகரிக உணர்வின் இடத்தில் சட்டம் வந்து அமர்கின்றது. இம்மாற்றத்தின் நன்மையையும் தீமையையும் வெறுங் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதினும் ஓர் இடத்தை முன்னிறுத்தி நோக்குதல் தெளிவு தரும். அதற்கு மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் மலை பொருத்தமான இடமாக அமைகின்றது.

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக இலுக்கும்புரை நோக்கிச் செல்லும் மலைப்பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரைக் கடந்து செல்லும் உயரிடமே ரிவர்ஸ்டன். தொலைத்தொடர்புக் கோபுரமும் ஓயாது வீசும் காற்றும் அதன் அடையாளங்கள். அதற்கப்பால் பிட்டவலைப் புல்வெளி விரிந்து கிடக்கின்றது. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டிலே பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் ஓர் அங்கமாக யுனெஸ்கோவின் பட்டியலிற் சேர்ந்தது. இதன் விளைவாகப் பல நாட்டுப் பயணிகள் அம்மலையை நாடி வருகின்றனர்.

அவ்வாறு வருவோருள் நேபாள நாட்டவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். உலும்பினி அமைந்த நாட்டிலிருந்து வரும் அவர், திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடமாகப் போற்றப்படும் மாத்தளை அலுவிகாரையை வணங்கிப் பின்னர் ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகின்றார். அவர் கையிலுள்ள சுற்றுலா விசா 30 நாள் தங்குவதற்கு இடமளிக்கின்றது. மேலும் தங்க விரும்பின், விசா முடிவதன் முன்னரே குடிவரவுத் திணைக்களத்திற்கு விண்ணப்பித்துக் கட்டணஞ் செலுத்தி நீடிப்புப் பெறவேண்டும். உழைத்துப் பொருளீட்டுதல் அவருக்கு விலக்கப்பட்டது. அவருடைய சொந்த நாடும் பிற நாட்டுப் பயணிகளை இவ்வாறே நடத்துகின்றது. நேபாளத்தில் சுற்றுலா விசாவிற் தங்குவோர் ஓர் ஆண்டில் 150 நாளுக்கு மேல் தங்குதல் இயலாது. 1950ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் இணைக்கப்பட்ட இந்தியர்க்கோ விசாவே வேண்டியதில்லை.

இப்பயணிக்கு விதிக்கப்பட்ட எல்லை அநீதியானதா? அன்று என்றே கூறவேண்டும். அவர் எல்லையை முன்னரே அறிந்து, அதற்கு இசைந்து வந்தார். அவருடைய வீடும் தொழிலும் உற்றாரும் வேறிடத்தே உள்ளனர். திரும்பிச் செல்லுதல் அவருக்கு இழப்பன்று, இயல்பான நிறைவேயாகும். அவர் தங்கும் நாட்டின் பொதுவாழ்விலும் அவர் பங்குகொள்ளவில்லை. ஆகவே குறித்த நாளிற் புறப்படுதல் அவர் கொடுத்த வாக்கைக் காத்தலாகும். எல்லை கடந்து தங்கும் ஒருவர், அடுத்து அதே கடவுச்சீட்டுடன் வரும் தம் நாட்டவர் மீதும் ஐயத்தை விளைவிக்கின்றார் என்பதும் எண்ணத்தக்கது. செல்வ நாட்டுக் குடிகளுக்கு எளிதில் திறக்கும் வாயில்கள் வறிய நாட்டுக் குடிகளுக்குப் பல வினாக்களின் பின்னரே திறக்கும் இவ்வுலகில், அவ்வையத்தின் சுமை சிறிதன்று.

எனினும், எல்லை விதித்தல் நீதியாயிருத்தல் வேறு. எல்லையை ஆளுதல் நீதியாயிருத்தல் வேறு. விதி முன்னரே தெளிவாக அறிவிக்கப்படல் வேண்டும். மறுப்பிற்குக் காரணம் கூறப்படல் வேண்டும். பயணியின் பிழையாலன்றி வழி அடைபட்டு அவர் தங்க நேரின், அதனைக் குற்றமாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும். இம்மூன்றாவது நெறி 2020ஆம் ஆண்டிலே நன்கு விளங்கிற்று. கொரோனா நோய் பரவி விமான நிலையங்கள் மூடப்பட்டபோது, இலங்கையில் அகப்பட்டிருந்த வெளிநாட்டவரின் விசாக்களை அரசு பன்முறை நீடித்தது. போகவியலாதவனைப் போகாத குற்றத்திற்கு ஆளாக்குதல் அறமாகாது என்னும் பொது உணர்வே அச்செயலின் அடிப்படை. இந்நெறியை மனத்திற் கொண்டு, அதே மலைச்சாரலில் வாழும் வேறு சிலரை நோக்குதல் வேண்டும்.

ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதை தேயிலைத் தோட்டங்களினூடே செல்கின்றது. றத்தோட்டைச் சூழலிலும் மாத்தளையின் பிற பகுதிகளிலும் தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு, ஏலம் முதலியவற்றை வளர்த்தெடுத்த கைகளுள் பெருந்தொகையின தமிழகத்திலிருந்து வந்தோருடையன. கோப்பிப் பயிர்ச்செய்கை தழைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக அடர்ந்த காட்டைக் கடந்து கால்நடையாக அவர்கள் மாத்தளையை அடைந்தனர். வழியிலே கொள்ளைநோயாலும் பட்டினியாலும் மாண்டவர் பலர். நடந்து வந்தோர் மலைநாட்டிற் புகும் வாயிலாக மாத்தளை விளங்கிற்று. நகரின் முத்துமாரியம்மன் கோவில் அம்மக்களின் வரவோடு இணைத்து நினைக்கப்படுவது. 1869இன் பின் இலைநோயாற் கோப்பி அழிந்தது, தேயிலை எழுந்தது, மக்கள் தங்கினர். பிள்ளைகள் பிறந்தனர், பேரர் பிறந்தனர், இறந்தோர் அம்மண்ணிலே புதைக்கப்பட்டனர்.

இவர்களது நிலையினைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்பினை மட்டும் போதியதாகக் கொள்ளவில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இங்குப் பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்பதையோ நிறுவுதல் வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவுகள் அருகியிருந்த தோட்டங்களில் இஃது எளிதான செயலன்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. அவ்வழியின் அளவுகோல் காலம். 1946 சனவரி 1ஆம் நாள் வரை, மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமையைக் காட்டவேண்டும். ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டபோதும் ஏறத்தாழ 134,000 பேரே ஏற்கப்பட்டனர்.

பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தைப் பகுத்தது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. 1974இல் எஞ்சியோரும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். அறவியல் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டியது அவ்வொப்பந்தத்தின் ஒரு சிறு பகுதியாகும். இந்தியாவிற்கு அனுப்பப்படவிருப்போர் புறப்படும் நாள் வரை இலங்கையில் தங்குவதற்குக் கட்டணமற்ற விசா வழங்கப்படும் என்றும், தொழில் புரிவோர் அனுப்பப்படும் வரையிலோ 55 வயது நிறையும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை, தொழிலிலே தொடரலாம் என்றும் அது கூறிற்று.

இவ்வேற்பாட்டைக் கருணையுடையது எனக் கொள்வோர் உளர். கட்டணமின்மையும் தொழிற் பாதுகாப்பும் அக்காலச் சூழலில் உண்மையான நன்மைகளே. ஆயினும், பிறந்த லயன் அறையிலே தங்குவதற்கு ஒருவருக்கு விசா கொடுத்தல் என்பதன் பொருள் யாது? விசா என்பது வருகைக்கு உரியது. வராதவருக்கு அதனை வழங்குதல், அவரை வந்தவர் என்று அறிவிப்பதாகும். ஒருவரது முழு வாழ்வும் ஒரு நீண்ட வருகையே என்று அது சொல்கின்றது. 55 வயது என்னும் எல்லையோ இன்னும் வெளிப்படையானது. உழைப்பின் எல்லை தங்குதற்குரிய நியாயத்தின் எல்லையாகவும் ஆகிவிடுகின்றது. முதுமை எய்தியவரை முன்னினும் அதிகமாகப் பேணுதல் இல்லறத்தின் நெறி; இவ்விதியோ முதுமையை வெளியேறும் வாயிலாக அமைத்தது.

மலையேறி வந்த நேபாளப் பயணிக்கும் மலையிலே பிறந்த தொழிலாளிக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகும். பயணியின் வாழ்வு வேறிடத்தே உள்ளது. தொழிலாளியின் வாழ்வு இங்கே உள்ளது. பயணி எல்லைக்கு இசைந்து வந்தார்; தொழிலாளியிடம், அவர் பிறந்தபோது, இசைவு கேட்டவர் எவருமிலர். பயணி உழைத்தல் விலக்கப்பட்டது; தொழிலாளியின் உழைப்பினாலேயே நாட்டின் ஏற்றுமதி வருவாய் வளர்ந்தது. ஒரே சொல்லான விசா இருவருக்கும் வழங்கப்படினும், முன்னவருக்கு அஃது ஓர் உண்மையின் பதிவு. பின்னவருக்கு ஓர் உண்மையின் மறுப்பு.

1984இலே போர்ச் சூழலால் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்திற்குமிடையே கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றுப் புறப்படக் காத்திருந்த பல்லாயிரவர் போகும் வழியின்றி நின்றனர். அவர்களது வதிவிட விசாக்கள் காலாவதியாயின. 2020இல் விமானம் இன்றித் தவித்த பயணிக்கு மாதந்தோறும் நீடிப்புக் கிடைத்தது. 1984இல் கப்பல் இன்றி நின்ற தோட்டத் தொழிலாளியின் நிலை தெளிவுபெறப் பத்தொன்பது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தது. வழி அடைபட்டமை இருவருக்கும் ஒன்றே. பயணிக்குக் காட்டப்பட்ட பரிவு பிழையன்று. அதே பரிவு அதனினும் உரியவருக்குக் காலந்தாழ்த்தி வந்தமையே பிழை.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் எடைபோடுதல் வேண்டும். தன் எல்லைக்குள் யார் வாழலாம் என்பதைத் தீர்மானித்தல் அரசின் அடிப்படை உரிமை என்பது முதலாவது. இதனை முற்றாக மறுத்தல் இயலாது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலை இவ்விடத்தில் எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் பலர். ஆயின், எல்லா ஊரையும் தம்மூராகக் கொள்ளும் அப்பாடல், நன்மை தீமை பிறர் தர வருவன அல்ல என்னும் வாழ்க்கை நோக்கினை விரித்துரைப்பது. எல்லைகளை ஆளும் சட்டத்தை வகுப்பதன்று. உயர்ந்த உளப்பாங்கு ஒன்றைச் சட்டத்தின் இடத்தில் வைத்தல் இரண்டிற்கும் நன்மை செய்யாது. அரசுக்கு அவ்வுரிமை உண்டு என்றே கொள்வோம். அப்போதும் அவ்வுரிமை வாயிலில் நிற்போர்மீது செல்வது; வீட்டினுள்ளே பிறந்து வளர்ந்தோர்மீது அதே வடிவிற் செல்வதன்று.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1795இல் நிலையான சமாதானம் பற்றி எழுதிய நூலிற் செய்த பாகுபாடு ஈண்டுப் பயன்படும். பூமியின் மேற்பரப்பு எல்லையுடைய உருண்டையாதலின், மனிதர் ஒருவரையொருவர் சந்தியாது முடிவின்றிப் பரவிச் செல்ல இயலாது. ஆகவே பிறர் நாட்டிற்குச் செல்வோர் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. நிலையாகத் தங்கும் உரிமையோ தனி உடன்பாட்டாலேயே தோன்றும். இப்பாகுபாட்டின்படி நேபாளப் பயணிக்குரியது வருகை உரிமை மட்டுமே. எனினும், கான்ற் கருதியது வருவோரையும் வரவேற்போரையும். மூன்று தலைமுறையாக வாழ்ந்த பின்னரும் வந்தவராகவே எண்ணப்படுவோர் அவருடைய இரு வகையினுள் எதிலும் அடங்கார்.

ஒப்பந்தத் தொழிலாளராக வந்தோர் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்புதல் முறை என்பது இரண்டாவது நியாயம். ஒப்பந்தம் காலவரையறை உடையதாயின் காலமும் நிறைவேற்றப்படல் வேண்டும். தோட்டங்களோ நிலையான குடும்பக் குடியிருப்பையே வேண்டி நின்றன. அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சர் 1983இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், ஐரோப்பிய நாடுகளின் விருந்தினத் தொழிலாளரைப் பண்டைய அதென்சு நகரில் வாழ்ந்த உரிமையற்ற அயலாரோடு ஒப்பிட்டார். உழைப்பை ஏற்று, உழைப்போரை உறுப்பினராக ஏற்க மறுக்கும் சமுதாயம், சிலரை நிலையாக ஆளப்படுவோராக மட்டும் வைத்திருக்கின்றது என்பது அவர் கருத்தின் சாரம். கனடிய அறிஞர் ஜோசப் கேரன்சு காலத்தின் இயல்பையே அடிப்படையாகக் கொள்கின்றார். தங்கிய காலம் நீள நீள உரிமையும் வலுப்பெறும் என்பது அவர் துணிபு. காலம் வெறும் எண்ணிக்கையன்று. அயலார் நட்பு, பிள்ளையின் பள்ளி, கற்ற தொழில், புதைத்த பெற்றோர் என அது நாள்தோறும் வேர்களை இறக்குகின்றது.

இவ்வுண்மை மலையகத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நேபாள மொழி பேசுவோரின் வரலாற்றிலேயே அதற்கு இணையான துயரம் ஒன்று உண்டு. தென் பூட்டானில் தலைமுறைகளாக வாழ்ந்த நேபாள மொழியினர், 1985ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1958ஆம் ஆண்டிலே அந்நாட்டில் வதிந்தமைக்குச் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டனர். 1990ஐ அடுத்த ஆண்டுகளில் அவர்களுள் ஓரிலட்சம் வரையானோர் நேபாளத்து அகதி முகாம்களை அடைந்தனர்; 2007இன் பின்னரே பெரும்பாலோர் பிற நாடுகளிற் குடியேற்றப்பட்டனர். மாத்தளையிற் கேட்கப்பட்ட 1946ஆம் ஆண்டுச் சான்றும் பூட்டானிற் கேட்கப்பட்ட 1958ஆம் ஆண்டுச் சான்றும் ஒரே சிந்தனையின் விளைவுகள். வாழ்ந்தமையினும் வாழ்ந்ததைத் தாளிற் பதிந்தமையே பெரிதெனக் கொள்ளும் சிந்தனை அது. தாளைச் சேமித்து வைக்கும் வசதி வறியவர்க்கு அரிது. 1992இல் தொடங்கிய சார்க் விசா விலக்குத் திட்டமும் உயர் பதவியினர், நாடாளுமன்ற உறுப்பினர், வணிகர், பத்திரிகையாளர் முதலிய 24 வகையினர்க்கே உரியதாயிற்று. அயல்நாட்டில் உழைக்கச் செல்லும் எளியோர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15ஆம் நாள். உலக மனித உரிமைப் பிரகடனம் ஏற்கப்பட்டது அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டினத்துக்குரிய உரிமை உண்டென்றும், தன் நாட்டுக்குத் திரும்பும் உரிமை உண்டென்றும் அப்பிரகடனம் கூறுகின்றது. தன் நாடு என்பது எது? ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999இல் இதற்கு விளக்கமளிக்கையில், அத்தொடர் குடியுரிமை பெற்ற நாட்டினும் விரிந்த பொருளுடையது என்றது. ஒருவரை வெறும் அயலார் எனக் கொள்ளவியலாதவாறு பிணைப்புக்கள் அமைந்த நாடும் அவர் நாடே.

இலங்கைச் சட்டமும் இறுதியில் இவ்வுண்மையை ஏற்றது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தைத் தொடர்ந்து 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிலையாக வதியும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை அளித்தது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் செல்லாது எஞ்சியோரும் பிரகடனஞ் செய்து அவ்வுரிமையைப் பெற வழி பிறந்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனமும் துணைநின்ற இயக்கத்தில் பத்து நாட்களுள் ஏறத்தாழ 190,000 பேர் குடிகளாயினர். அரைநூற்றாண்டுச் சிக்கல் பத்து நாளில் அவிழ்ந்தமை, அச்சிக்கல் இயற்கையானதன்று என்பதற்குச் சான்றாகும்.

ஆயின், வினா முடிவுறவில்லை. கடலுக்கப்பால் தமிழகத்து முகாம்களில் 1983இன் பின் தஞ்சம் புகுந்தோரும், அங்கேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் வாழ்கின்றனர். அவர்களுள் மலையக வழியினரும் உளர். 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழ் அகதிகளைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையினின்றும் இந்திய அரசு 2025இல் விலக்கியது. இது வரவேற்கத்தக்கது, எனினும், தண்டியாதிருத்தல் வேறு, தம்மவராக ஏற்றல் வேறு.

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் நெறி பெறப்படும். வாழ்வு வேறிடத்தே இருப்பவர்க்குக் கால எல்லை விதித்தல் முறையானது; அவருக்கு நீடிப்பு ஒரு நன்மை. வாழ்வு இங்கே வேரூன்றியவர்க்கு நீடிப்பு என்னும் பேச்சே பொருந்தாது. அவருக்கு வேண்டியது ஏற்பு. இவ்விரண்டிற்குமிடையே ஐந்தாண்டு, பத்தாண்டு என எங்கே கோடு கீறினும் அதில் ஓரளவு தன்விருப்பம் இருக்கவே செய்யும். அக்கோட்டைக் கீறாமலே புதுப்பித்துப் புதுப்பித்துத் தலைமுறைகளைக் கழிப்பதே அநீதி. நீடிப்பை மீண்டும் மீண்டும் வழங்கும் அரசு, தன் செயலாலேயே ஒரு நம்பிக்கையை விதைக்கின்றது. விதைத்ததை மறுக்கும் உரிமை அதற்கு நாளடைவிற் குன்றிவிடுகின்றது.

புதுமை நீங்கிய விருந்தினர் புறப்படுவர், அல்லது சுற்றமாவர். மூன்றாவதாகிய நிலைக்கு, அஃதாவது என்றும் வந்தவராகவே இருத்தலுக்கு, தமிழ்மொழி பெயர் வைக்கவில்லை. அப்பெயரைச் சட்டமே படைத்துக்கொண்டது. ரிவர்ஸ்டனின் காற்றை முப்பது நாள் நுகர்ந்து மீளும் பயணியை மலர்ந்த முகத்தோடு வழியனுப்புதலும், அம்மலைச்சாரலிலே நிலைத்தவரை விருந்தினர் என அழையாதிருத்தலும் ஒரே விருந்தறத்தின் இரு கடமைகளாகும்.